சாவியைப் போட்டுவிட்டுப் போங்கள்

ஏழு ஐம்பத்தொன்பது.
கட்டைவிரல் பச்சைப் பொத்தானுக்கு மேல்
ஒரு நூல் உயரத்தில் நிற்கிறது.
டண்டீயில் டிசம்பர் இன்னும் கண் திறக்கவில்லை,
ஆற்றுப் பாலத்தின் விளக்குகள் மட்டும்.

எட்டு.

"நீங்கள் வரிசையில் இருபத்து மூன்றாவது."
எட்டு மணிக்கு வயது இன்னும் ஒரு விநாடிகூட இல்லை.
எனக்கு முந்திய இருபத்திரண்டு பேரும்
எந்த வாசலில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்?

போனைச் சத்தமாக்கி ரொட்டித்தட்டின் அருகே வைக்கிறேன்.
வயலின் ஒன்று அரைத்த மாவையே அரைக்கிறது.
எஃபியின் இடது ஷூவைக் காணோம்.
இன்னிஸ் தன் ஓட்ஸ் கஞ்சியைத்
தங்கையின் தலையில் வைத்துப் பார்க்கிறான்.
பதினாறு.
ஷூ அரிசி டப்பாவுக்குள் இருந்தது.
ஏன் என்று கேட்க நேரமில்லை.
ஒன்பது.
ரோரி வடகடலில், எண்ணெய்க் கிணற்று மேடையில்,
வர இன்னும் பதினொரு நாள்.
அங்கே அடுத்த அறையிலேயே
ஒரு மருத்துவ உதவியாளர் உட்கார்ந்திருக்கிறாராம்,
சும்மா.

பள்ளிக் கதவில் மணி அடிக்கும்போது
நான் ஒன்றாவது.

"வியாழன், பதினொன்று இருபது" என்றாள்.
ஐந்துக்கு மேல் ஏதாவது?
"அதெல்லாம் எட்டு ஐந்துக்கே போய்விட்டது, கண்ணே."
சனிக்கிழமை?
சிரித்தாள், கெட்ட எண்ணமில்லாமல்.
"அவசரமா?"

மூன்று மாதமாக
இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பும் தோள்
அவசரமா?
எஃபியைத் தூக்கும்போது மட்டும் குத்துகிறது.
எஃபியைத் தூக்காத நாள் எது?
அக்டோபரில் ஒரு தடவை இடம் கிடைத்தது.
அன்று பார்த்து அவளுக்குக் காதில் சீழ்.
என் பத்து நிமிடத்தை அவள் காதுக்கு ஊற்றினேன்.
"வேறு ஏதாவது?" என்று கேட்டார் டாக்டர்
கதவைப் பார்த்துக்கொண்டே.

"இல்லை" என்றது என் வாய்.
இன்றும் அதேதான் சொன்னது.
அதை வளர்த்த விதம் அப்படி.

ஒன்பதரைக்கு நான் கம்பியின் மறுமுனை.
"டூகல் மோட்டார்ஸ், சொல்லுங்கள்."
இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவேன்.
பதினான்கு வயது வாக்ஸால்,
இடது முன்பக்கம் கடகட என்கிறதாம்
பாரம் ஏற்றினால் மட்டும்.
எத்தனை நாளாக?
"நேற்றிலிருந்து."
இன்றே கொண்டுவாருங்கள் என்றேன்.
சொல்லிவிட்டு
என் இடது கையைப் பார்த்தேன்.
அது பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தது, பாவம்.

மதியம் இரண்டு மணிக்கு அந்தக் குரல்.
மூன்றாவது வார்த்தையில் தெரிந்துவிட்டது.
பிரேக் கத்துகிறது,
பகலில் வேலையை விட்டு நகர முடியாது,
பையனை நாலரைக்குக் கூப்பிட வேண்டும்,
ஐந்துக்கு மேல் ஏதாவது?

வியாழன், பதினொன்று இருபது
என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.
எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா.

விழுங்கினேன்.
"இரவு எப்போது வேண்டுமானாலும் வண்டியை நிறுத்துங்கள்.
சாவியைக் கதவுத் துளையில் போட்டுவிட்டுப் போங்கள்.
முடிந்ததும் நாங்களே கூப்பிடுவோம்."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
அந்தப் பக்கம் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.
பின்னால் போன்கள் அடித்துக்கொண்டிருந்தன,
ஒன்றின்மேல் ஒன்றாக,
யார் யாருடைய தோள்களோ.

உடம்புக்கும் இப்படி ஒரு துளை இருந்தால்
நான் போட்டுவிட்டுப் போயிருப்பேன்
பிள்ளைகள் தூங்கிய பிறகு,
ஒரு உறைக்குள் மடித்து.

மறுநாள் காலை தரையில் கிடந்தது அவள் சாவி.
உறைமேல் நெருக்கிய எழுத்தில்:
பிரேக். முடிந்தபோது பாருங்கள். அவசரம் இல்லை.

மணி எட்டு ஐம்பது.
அன்று நான் போன் செய்யவில்லை,
இன்னிஸின் பல் விழுந்த காலை அது.
பேனாவை எடுத்து
அந்த "இல்லை"யை மட்டும் அடித்தேன்.
பிறகு முதல் கொக்கியில் மாட்டினேன்,
வலது கையால்.